வண்டி யாருடையது? வீட்டுக் கதையை இளையோர் நாவலாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் அப்பத்தா 1942-ஆம் வருடக் கதையை எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. ஜப்பானியப் படையெடுப்புக்குப் பயந்து இந்தியாவுக்குத் தப்பிக்க, பர்மாவின் தாராவதிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஐராவதிக் கரையிலுள்ள புரோம் வரைக்கும் போனார்கள். ஆற்றங்கரைக் கூட்டத்தில் காலரா கண்டது. அக்கரைக்குப் போகாமல் திரும்பி வந்துவிட்டார்கள். நாங்கள் இன்னும் பர்மாவில் இருப்பது அதனால்தான்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது "நம்ம வண்டியக் கட்டிக்கிட்டு" என்று தொடங்குவார். நான் பத்தாவது படிக்கும்போது அது "வண்டி ஒண்ணு கெடச்சுது" என்று ஆகியிருந்தது. நான் பள்ளி ஆசிரியையான பிறகு, எழுதலாம் என்று நோட்டும் கையுமாக உட்கார்ந்து கேட்டேன். "அப்பத்தா, அது நம்ம வண்டிதானே?" "ம்ம்" என்றார். அப்புறம் பாக்குவெட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அந்த "ம்ம்"-ஐப் பிடித்துக்கொண்டு எழுதியதுதான் என் முதல் நாவல். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கானது. யாங்கோனில் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அங்கே இரண்டு பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதையை எழுதப் போகிறேன் என்று வந்து நின்றார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எனக்குச் சுலபமாக வந்த படிகளைச் சுருக்கிவிட்டேன். நான் தடுக்கி விழுந்த இடங்கள் நீளமாக இருக்கும்.

முதல் படி: கதையைக் கேட்காதீர்கள், பொருளைக் கேளுங்கள்

"அந்தக் காலத்துக் கதை சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால், கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய கதைதான் வரும். அது தேய்ந்த காசு மாதிரி வழவழவென்று இருக்கும். வண்டியில் என்ன ஏற்றினீர்கள் என்று கேளுங்கள். உப்பை எதில் முடிந்தீர்கள்? சோறு பொங்கிய சட்டி மண்ணா, ஈயமா? முன்னால் உட்கார்ந்தது யார்? மழைக்கு மேலே எதைப் போர்த்தினீர்கள்?

நான் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வந்து, ஒருநாள் மாடுகளுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "ஒண்ணு ஷ்வே வா. இன்னொண்ணு மறந்துபோச்சு" என்றார். ஷ்வே வா பர்மியப் பெயர், தங்க மஞ்சள் என்று பொருள். எங்கள் கொள்ளுத்தாத்தாவோ மாடு என்றால் செவலை, கருப்பன், மயிலை என்றுதான் கூப்பிடுவாராம். வண்டி எங்களுடையது இல்லை என்பதை அப்பத்தாவின் வாயிலிருந்து வாங்க இருபது வருடம் முயன்றேன். ஒரு மாட்டின் பெயர் அதைச் சொல்லிவிட்டது.

போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வயதானவர்கள் களைத்துப் போவார்கள். மாதக்கணக்கில் இடைவெளி விட்டுக் குறைந்தது மூன்று தடவையாவது கேளுங்கள். நோட்டின் இடப்பக்கத்தில் அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வலப்பக்கத்தில் அடுத்த தடவை அது எப்படி மாறியது என்று குறித்து, மாறிய சொல்லைப் பென்சிலால் சுழித்து வையுங்கள்.

ஒன்றே ஒன்று: "போன தடவை வேற மாதிரி சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒரு பெரியப்பாவிடம் கேட்டேன். அத்தோடு அவர் என்னிடம் பேசுவது வானிலை பற்றி மட்டும்தான்.

இரண்டாம் படி: நாளையும் பணத்தையும் சரிபாருங்கள்

இது நூலக வேலை. சுவாரசியம் குறைவுதான், ஆனால் தாண்டக் கூடாது. ரங்கூன் மீது முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் விழுந்தது. நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது 1942 மார்ச் 8. இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவிலும் அதற்குப் பிறகான சில மாதங்களிலும் சுமார் 4 முதல் 5 லட்சம் இந்தியர்கள் நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். புரோமில் ஐராவதியைக் கடந்து, தௌங்கூப் கணவாய் ஏறி, அரக்கான் கரைக்கு இறங்குவது ஒரு வழி. மண்டலே, கலேவா, தாமு என்று போய் மணிப்பூர் எல்லையில் ஏறுவது இன்னொன்று. வடக்கே ஹுகாவுங் பள்ளத்தாக்கு வழியாக அஸ்ஸாமுக்குப் போனவர்கள்பாடு மிகவும் மோசம். உங்கள் தாத்தா எந்த வழியில் போனார் என்று தெரியாமல் "காட்டு வழியே நடந்தார்கள்" என்று எழுதினால், நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வீட்டில் யாருக்கும் வருடம் நினைவிருக்காது, ஆனால் பணம் நினைவிருக்கும். "நோட்டு செல்லாதுன்னு சொல்லிட்டாங்க" என்று எல்லாப் பாட்டிகளும் சொல்வார்கள். எந்தத் தடவை என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 50, 100 சாட் (பர்மியப் பணம்) நோட்டு போனது என்றால் பெரும்பாலும் 1964 மே. கடைகள் அரசுடைமையானதும் அதே வருடம்தான், இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர்கள் கதை அதோடு சேர்ந்தே வரும். 75 சாட் நோட்டு செல்லாமல் போனதாகச் சொன்னால் அது 1987 செப்டம்பர். 45, 90 சாட் நோட்டு பேச்சில் வந்தால் கதை அதற்கும் பிந்தியது. தொண்ணூறு சாட் நோட்டுக்குச் சில்லறை எண்ணிய கதையைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். தனியாக ஓர் அத்தியாயமே எழுதலாம்.

தெருப் பெயரும் அப்படித்தான். பாட்டி ஃப்ரேசர் தெரு என்றால் அது இன்றைய அனவ்ரதா சாலை. டல்ஹௌசி தெரு என்றால் மகாபந்துலா சாலை. கதை நடக்கும் வருடத்துப் பெயரைப் போடுங்கள்.

மூன்றாம் படி: சுழித்த இடத்தில் உட்காருங்கள்

மூன்று தடவை கேட்டு முடித்ததும் நோட்டில் நிறையச் சுழிப்புகள் இருக்கும். பயந்துவிட வேண்டாம், எல்லாம் பொய் இல்லை. என் அனுபவத்தில் மாற்றம் மூன்று வகை.

மறதி முன்னும் பின்னும் ஆடும். ஒன்பது நாள் நடந்தோம் என்பார், அடுத்த தடவை ஏழு, அப்புறம் பத்து. அலங்காரம் வளரும். வழியில் குறுக்கே போன பாம்பு முதல் தடவை கை நீளம், மூன்றாம் தடவை வண்டி நீளம். மறைப்பு சுருங்கிக்கொண்டே போகும். "நம்ம வண்டி", "வண்டி கெடச்சுது", "ம்ம்".

மறதியை இரண்டாம் படியில் சரிசெய்துகொள்ளலாம். அலங்காரத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பாட்டியின் பேச்சு நடையே அதில்தான் இருக்கிறது. சுருங்கும் இடத்தில்தான் உங்கள் நாவல் இருக்கிறது. மாதக்கணக்கில் உட்கார வேண்டியது அங்கேதான்.

நான் உட்கார்ந்தேன். கொள்ளுத்தாத்தா ஒரு செட்டியார் கடையில் கணக்குப்பிள்ளை. கடை என்றால் பலசரக்குக் கடை இல்லை, வட்டிக்கடை. தாராவதி நெல் விளையும் சீமை. 1930-இல் உலகம் முழுக்க மந்தம் வந்து நெல் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. வாங்கிய கடனைப் பர்மிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை. செட்டியார்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை, பணம் திரும்பினால் போதும் என்றுதான் இருந்தார்கள். ஆனாலும் அடமான நிலம் அவர்கள் கையில் வந்து விழுந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் வசம் இருந்த நிலம் 1930-இல் 6 விழுக்காடு. 1938-இல் 25 விழுக்காடு. அந்த 1930 டிசம்பரில் சயா சான் தலைமையில் விவசாயிகள் கலகம் வெடித்ததும் இதே தாராவதியில்தான்.

இந்த எண்களைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கணக்கு எழுதியவர் என் கொள்ளுத்தாத்தா. வண்டியோ பர்மியப் பெயர் வைத்த மாடு இழுத்தது. கடனுக்குப் பிடித்த வண்டியா? பழகிய மனிதர் கொடுத்த வண்டியா? இல்லை, போகும்போது கடன் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு அதற்குப் பதிலாக வாங்கிய வண்டியா? எனக்குத் தெரியாது. அப்பத்தாவுக்கு அப்போது பத்து வயது. அவருக்கும் முழுதாகத் தெரிந்திருக்காது. ஆனால் ஏதோ தெரியும்.

நான்காம் படி: எல்லாம் தெரிந்த ஆளைக் கதை சொல்ல விடாதீர்கள்

பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சொல்கிற மாதிரி எழுதினால் இளையோர் நாவல் அங்கேயே படுத்துவிடும். "அன்று எனக்குத் தெரியவில்லை, பின்னாளில் புரிந்தது" என்ற வாக்கியம் வந்தாலே என் வகுப்புப் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். கதை சொல்லிக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது வையுங்கள். வண்டியில் அவள் இருக்கட்டும், கணக்கு நோட்டு அவள் கண்ணில் படட்டும், ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவளுக்குப் பாதிதான் புரியட்டும். மீதியை வாசிக்கிற பிள்ளை நிரப்பிக்கொள்ளும்.

ஐந்தாம் படி: இரண்டு பெயர், மூன்று மொழி

நம் பிள்ளைகளில் பலருக்கு இரண்டு பெயர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் பர்மியப் பெயர், கோயில் அர்ச்சனைச் சீட்டில் தமிழ்ப் பெயர். தமிழ்நாட்டு வாசகருக்குக் குழப்பமாக இருக்கும் என்று ஒரு பெயரை வெட்டிவிடாதீர்கள். எந்தப் பெயரால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள் என்பதே ஒரு காட்சி. பர்மியப் பாத்திரங்களுக்குப் பெயர் வைக்கும்போது குடும்பப் பெயர் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். வயதில் பெரிய ஆணுக்கு ஊ, பெண்ணுக்கு டோ. இளைய ஆணுக்குக் கோ, பெண்ணுக்கு மா. இதில் தப்பினால் மரியாதையே தப்பிப்போகும்.

விவரிப்பை எளிய எழுத்துத் தமிழில் எழுதுங்கள், பேச்சைப் பேச்சாகவே விடுங்கள். தனக்கா, மொஹிங்கா மாதிரிச் சொற்களுக்கு அடைப்புக்குறி விளக்கம் வேண்டாம். பெண் கன்னத்தில் தனக்கா குழைத்துப் பூசினாள் என்று எழுதினால் போதும், காரைக்குடிப் பிள்ளைக்கும் விளங்கும். மீனையோ இறாலையோ அரைத்துப் புளிக்கவைக்கும் ஙப்பியை ஙப்பி என்றே எழுதுங்கள். "ங-வில் தொடங்கும் சொல் எங்கே இருக்கிறது, ஆத்திசூடியில் ஔவையாரே 'ஙப் போல் வளை' என்று சமாளித்துவிட்டுப் போனார்" என்று என் ஆசிரியர் ஒருவர் சொல்வார். ஔவையார் ரங்கூன் சந்தைக்கு வந்திருந்தால் அந்தக் கஷ்டம் இருந்திருக்காது.

இங்கே பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிற மொழி, பள்ளிக்கூடத்து மொழி பர்மியம். என் அத்தியாயங்களை ஆயிரம் சொல்லுக்குள் முடித்துவிடுகிறேன்.

ஆறாம் படி: நம் பக்கம் தப்பாகத் தெரிகிற காட்சியை எழுதுங்கள்

தைரியம் பற்றிப் பிள்ளைகள் கேட்டால், குண்டுக்கும் காட்டுக்கும் பயப்படாத தாத்தாவைத்தான் நாம் காட்டுவோம். தாத்தாவைப் பற்றி எழுதுகிறவளுக்கு வேறு தைரியம் வேண்டியிருக்கிறது. எனக்கு அது முதலில் இல்லை. வண்டி வாங்கும் காட்சியை நான் முதலில் எழுதியது இப்படி:

"பர்மிய விவசாயி கண்ணீரோடு வண்டியைக் கொடுத்தார். 'நீங்கள் எங்கள் உறவு' என்றார். அப்பா அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்."

வகுப்பில் படித்துக் காட்டினேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், அவரு ஏன் அழுவுறாரு? வண்டி போகுதேன்னா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்:

"அய்யா நோட்டைத் திறந்தார். விரலை நாக்கில் வைத்து மூன்று பக்கம் தள்ளினார். ஒரு வரியை மையால் அடித்தார். பெரியவர் குனிந்து பார்த்தார். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எந்த வரியை அய்யா அடித்தார் என்று எனக்கும் தெரியவில்லை. பெரியவர் ஷ்வே வாவின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வரப்பில் நடந்து போனார். மாடு அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றது. அய்யா தார்க்குச்சியைக் கையில் எடுத்தார்."

அய்யா நல்லவரா கெட்டவரா என்று இதில் எங்கும் சொல்லவில்லை. அடித்த வரி அந்தப் பெரியவரின் கடனாகவே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதைப் படித்த அன்று வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. பர்மியத் தாய்க்குப் பிறந்த ஒரு பெண்பிள்ளை மட்டும் கேட்டாள்: "திரும்பி வந்தாங்கல்ல, வண்டியத் திருப்பிக் குடுத்தாங்களா?" நான் அதை யோசித்திருக்கவே இல்லை. நாவலின் பின்பாதி முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

வீட்டில் சண்டை வரும், தயாராக இருங்கள். என் சித்தப்பா கொதித்துப் போனார். "நம்மள நாமே காட்டிக் குடுக்கணுமா? ஏற்கெனவே வாய்க்கு வாய் கலாங்கிறான்." கலா என்பது இந்திய வம்சத்தவரைப் பர்மியத்தில் சொல்லும் வசை. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இங்கு வந்த தமிழர்களில் வட்டிக்கடைக்காரர்கள் கைப்பிடி அளவுதான். ஆள் பிடிக்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் படுத்து வந்து, நெல் அறுத்தவர்களும் மூட்டை தூக்கியவர்களும்தான் அதிகம். 1964-இல் கடை போனவர்களும் ஊர் போனவர்களும் இருக்கிறார்கள். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, முழுக் குடியுரிமை கேட்டுப் போய், 1823-க்கு முந்தி நம் ஆட்கள் இங்கே இருந்ததற்குக் காகிதம் எங்கே என்று விழித்தவர்கள் இருக்கிறார்கள். அதையும் எழுதினேன். ஒரே நாவலில் நோட்டு வைத்திருந்த அய்யாவும் இருக்கிறார், முழுக் குடியுரிமை இல்லாதவருக்குத் தரும் பச்சை அட்டையோடு வரிசையில் நிற்கும் அவர் பேரனும் இருக்கிறார். அவன் பட்டதை எழுதிவிட்டதால் இவர் கணக்கு நேராகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. சித்தப்பா இன்னும் படிக்கவில்லை.

"கலா" என்ற வசைச் சொல்லை எழுதலாமா என்று கேட்கிறார்கள். எழுதுங்கள், ஒரு தடவை, வலிக்கிற இடத்தில். பத்துத் தடவை எழுதினால் பிள்ளைகள் அதை விளையாட்டாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நம் வீட்டுக்குள் பர்மியர்களை நாம் சொல்லும் சொல்லையும் ஒரு தடவை எழுதுங்கள். எது என்று உங்களுக்கே தெரியும்.

ஏழாம் படி: எதை எழுதக் கூடாது என்று முடிவு செய்யுங்கள்

உயிரோடு இருப்பவர் பெயரும் ஊரும் மாற வேண்டும், அவருடைய தொழிலும் மாறினால் நல்லது. ஒரு குடும்பத்து அவமானத்தை, அந்தக் குடும்பத்தில் ஒருவராவது சம்மதிக்காமல் எழுத வேண்டாம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்த நாட்டில் அச்சுக்கு முன் தணிக்கை 2012 ஆகஸ்ட் வரை இருந்தது. இதழ்களில் வெள்ளி மை பூசி மறைத்த பத்திகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படிக்கப் பார்த்த தலைமுறை நான். மறைத்த பத்தியைத்தான் முதலில் படிப்போம். இப்போதைய நாட்டு நடப்பை என் நாவல் தொடவில்லை. மக்கள் எழுச்சி நடந்த 1988 தொடங்குமுன்பே கதையை முடித்துவிட்டேன். கலைக் காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பயம்தான். பிள்ளைகளிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். எனக்கு வீடு இருக்கிறது, வகுப்பு இருக்கிறது. உங்களால் எவ்வளவு முடியும் என்பதை நீங்கள்தான் அளந்துகொள்ள வேண்டும். அளந்து பார்த்துவிட்டு எழுதாமல் விட்டவர்களைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன்.

எட்டாம் படி: சத்தமாகப் படியுங்கள், வெட்டுங்கள்

ஒரு பிள்ளை எங்கே ஜன்னல் பக்கம் திரும்புகிறதோ அங்கே ஓரத்தில் ஒரு கோடு. மூன்று பிள்ளைகள் ஒரே இடத்தில் திரும்பினால் வெட்டிவிடுங்கள். கணவாயின் இயற்கை வர்ணனை நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். இப்போது நான்கு வரி.

அச்சுக்குப் போகுமுன் நகல் எடுத்து நூலால் தைத்துப் பத்துப் பிரதி போடுங்கள். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், பெரியவர்களும் படிக்க வேண்டுமே.

ஒன்பதாம் படி: கதை கொடுத்தவருக்குப் படித்துக் காட்டுங்கள்

இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு மத்தியானம், மின்சாரம் போயிருந்தபோது, வாசல் திண்ணையில் வைத்து வண்டிக் காட்சியை அப்பத்தாவுக்குப் படித்தேன். நோட்டு, அடித்த வரி, வரப்பில் நடந்து போன பெரியவர், எல்லாம். அப்பத்தா கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி நடக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

"ஷ்வே வாவுக்கு ஒரு கொம்பு ஒடஞ்சிருக்கும்த்தா. அத எழுதலையே" என்றார்.

"எந்தக் கொம்பு அப்பத்தா?"

"வலது."

பென்சிலை எடுத்து அங்கேயே சேர்த்தேன். மறுநாள் காலையில் காப்பி கொடுக்கும்போது, நான் கேட்காமலே, இடது என்றார்.